முந்தின நாள் பன்

எல் பாஸோ, டெக்ஸாஸ்
12 அக்டோபர் 1961

அன்புள்ள ஜோதி,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. மாமாவுக்குத் தனியாக ஒன்று போட்டிருக்கிறேன். அதில் நான் கல்லூரியில் ரசாயனம் படித்துக்கொண்டிருக்கிறேன். இதில் இல்லை.

என்னை நிறுத்திவிட்டார்கள். முதல் வருடக் கணக்குப் பரீட்சை போயிற்று, மிஷன் உதவியும் அதோடு போயிற்று. கப்பலுக்குக் காசில்லாமல் ஊருக்கு வரவும் முடியாது. மெக்சிகோ எல்லை ஆறு ஓடும் இந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கடைக்காரி பெயர் ரெஃபுகியோ. ஆற்றுக்கு அந்தப் பக்கம், சிவாவா என்ற மாகாணத்திலிருந்து வந்தவள். பெரிய உடம்பு, பெரிய குரல். முதல் நாள் தட்டுக் கழுவ நிறுத்தினாள். மத்தியானம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தட்டை முன்னால் தள்ளினாள்.

ஹாம்பர்கர் என்று நாம் பத்திரிகையில் பார்த்திருக்கிறோமே, அதுதான். ஆனால் அமெரிக்கர்கள் தின்பது போல இல்லை; இது அவள் ஊர் முறை. பன்னை இரண்டாகப் பிளந்து கல்லில் கொழுப்பில் வாட்டுகிறாள். நடுவில் கொத்துக்கறி வட்டு, அதன்மேல் பாலாடைக்கட்டி, முட்டை. அதற்கும் மேல், ஜோதி, பச்சை மிளகாய். நம் மிளகாயைவிட நீளம். நெருப்பில் கருக வாட்டித் தோலை உரித்துக் கீற்றாகக் கிழித்துப் போட்டிருந்தாள். இந்த நாட்டுக்கு வந்து முதல்முறையாக என் நாக்கு எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டு சிரித்தாள். (என்ன கறி என்று மாமா என்றாவது கேட்டால் ஆட்டுக்கறி என்று சொல்லிவிடு.)

இப்போது என்னைக் கல்லில் நிற்க வைத்திருக்கிறாள். அதற்கு வித்தை இருக்கிறது. பன் முந்தின நாளுடையதாக இருக்க வேண்டும். புதுப் பன் கொழுப்பைக் குடித்துக் கூழாகிவிடும். கறியைப் பிசையவே கூடாது. கல்லில் போடுமுன் வட்டின் நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் உப்பிக்கொண்டு உடையும். தயாரானதும் கரண்டியால் கல்லை இரண்டு தட்டுத் தட்டி 'சாலே' என்று கத்த வேண்டும். போகிறது, எடுத்துக்கொள் என்று அர்த்தம்.

அம்மா போனபிறகு மாமாவின் பரோட்டாக் கடையிலேயே வளர்ந்தவன் நான். ஒருநாளாவது மாமா என்னைக் கல்லிடம் விட்டாரா? "படிக்கிற கை அதுலே, எண்ணெ தெறிக்கும், தள்ளிப் போ" என்பார். அந்தக் கைக்கு இப்போது மணிக்கட்டு வரை சூட்டுப் புள்ளி.

உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். நம் நிச்சயத்தன்று குருவானவர் ஜெபம் செய்தபோது உன் பக்கம் பார்த்தேன், நீ கண்ணை மூடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வையை நினைத்து இதை எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே.

உன்
கிறிஸ்துராஜ்


விருதுநகர்
9 நவம்பர் 1961

அன்புள்ள அத்தானுக்கு,

சொல்லமாட்டேன். இந்த விஷயத்தைப் பற்றி நான் எழுத வேண்டியது அவ்வளவுதான். அது என் வார்த்தை.

படிப்பு போனதற்கு வருத்தப்பட்டேன். ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டேன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் அதட்டினேன். பிறகு கடிதத்தைத் திரும்பப் படித்தபோது ஒன்று தெரிந்தது. கல்லூரியைப் பற்றி நீங்கள் எழுதிய எந்தக் கடிதத்திலும் இவ்வளவு உயிர் இருந்ததில்லை. நூலகத்திலிருந்து நான் எடுத்துவரும் நாவல்களில்கூட ஒரு மிளகாயை இப்படி உரித்தவர்கள் இல்லை. பேசாமல் திரும்பி வாருங்கள். கடையில் கல் இருக்கிறது. படித்தவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் எப்போது சொன்னேன்?

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நம் ஸ்டேஷன் ரோட்டுக் கடையில் உங்கள் ரொட்டியைச் செய்து பார்த்தோம். பரோட்டா மாஸ்டர் பெத்தணன் அண்ணனிடம் பத்திரிகையில் படித்ததாகச் சொன்னேன். பேக்கரியில் சுடச்சுடப் பன் வாங்கி வந்துவிட்டார். முந்தின நாளுடையது வேண்டும் என்றேன். "ஏந்தாயி, பழசு திங்கவா அமெரிக்காவுக்குப் போறாக?" என்றார். நம் கல்லில் நடுவே எண்ணெய் தேங்கி நிற்குமே, அதில் பன் விழுந்து ஒரே விநாடியில் கூழானது. கறி உதிர்ந்தது. பாலாடைக்கட்டிக்கு எங்கே போக, முட்டையோடு நிறுத்திக்கொண்டோம். மிளகாய் மட்டும் நீங்கள் சொன்னபடி வந்தது. வாட்டிய நெடியில் ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் தும்மினார்கள்.

அப்பா ஒரு வாய் தின்றார். "என்னம்மா இது, கறிய ரொட்டிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கு. திருட்டுப் பண்டமா?" என்று கேட்டார். ஆனாலும் முழுவதும் தின்றார். நானும் தின்றேன். நன்றாக இல்லை. ஆனால் நீங்கள் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. அதனால் நன்றாக இருந்தது.

அடுத்த முறை முந்தின நாளே பன் வாங்கி ஒளித்து வைப்பேன்.

ஜோதி


சிவகாசி
4 மே 1963

அன்புள்ள ஞானஜோதிக்கு,

கூலியைச் சேர்த்துக் கப்பலேறி வந்து இறங்கியதும் விருதுநகர் வராமல் சிவகாசிக்கு வந்துவிட்டேன் என்று மாமாவுக்கு வருத்தம் இருக்கும். வேலை காத்திருந்தது. ஏசுவடியான் முதலாளியை உனக்குத் தெரிந்திருக்கும், விஸ்வநத்தத்தில் அவருடைய பட்டாசுக் கம்பெனி. அமெரிக்காவில் படித்த கெமிஸ்ட் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். கப்பலில் உடன் வந்த அவருடைய சிநேகிதர் சொல்லிச் சேர்த்துவிட்டார்.

சொல்லவேண்டியதைச் சுற்றி வளைக்க விரும்பவில்லை. முதலாளிக்கு ஒரே மகள், பாக்கியவதி. அவர்கள் கேட்டார்கள். நான் மறுக்கும் நிலையில் இல்லை. நமக்கு நிச்சயம் நடந்தபோது நான் சிறுபிள்ளை. நீ படித்தவள், நிதானமானவள், புரிந்துகொள்வாய். நிச்சய மோதிரத்தை நீயே வைத்துக்கொள்.

மாமாவிடம் நேரில் வந்து சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீ பக்குவமாகச் சொன்னால் நல்லது.

கிறிஸ்துராஜ்


விருதுநகர்
20 மே 1963

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பக்குவமாகச் சொல்லவில்லை, உங்கள் கடிதத்தை அப்படியே வாசித்தேன். அவர் கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்து, "சிறுபிள்ளையாமா? இருவத்து நாலு வயசுல நிச்சயம் பண்ணுனோம்" என்றார். இப்போது கோயிலுக்குப் பின்வாசல் வழியாக வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார். யாராவது "மருமகன் வந்தாச்சாமே?" என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம். தவறு செய்யாதவர் பின்வாசலில் நுழைவதை ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் பார்க்கிறேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மோதிரத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்று. என் வகுப்பில் ஒரு பிள்ளையின் அம்மா செல்லத்தாய், உங்கள் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. அவள் சொன்னாள்: "புது கெமிஸ்ட் ஐயா நல்லவரும்மா, ஏசமாட்டாரு. ஆனா வெடிமருந்து கலக்குற மருந்தறை வாசப்படிய மட்டும் தாண்டமாட்டாரு. வெளிய நின்னுக்கிட்டே சரி, சரிம்பாரு."

எது சரி? உங்களுக்குத் தெரியுமா? கறி உதிர்ந்தால் இன்னொரு வட்டு தட்டலாம். அந்த அறையில் உதிர்ந்தால் செல்லத்தாய்க்கு வேறு கை முளைக்காது. கணக்குப்பிள்ளையாக இருங்கள், ஏஜெண்டாக இருங்கள், மாப்பிள்ளையாகவும் இருங்கள். கெமிஸ்டாக இருக்காதீர்கள். அதை மட்டும் விட்டுவிட்டால் உங்கள் பெயரையே மறந்துவிடுகிறேன். இது நான் கேட்கிற ஒரே காரியம். ஒருமுறைதான் கேட்பேன்.

ஞானஜோதி


சிவகாசி
2 ஜூன் 1963

ஞானஜோதிக்கு,

உன் கடிதத்தில் உள்ள பொறாமையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக் கலவை இங்கே முப்பது வருடப் பழக்கம். வேலையாட்களே கண்ணை மூடிக்கொண்டு கலப்பார்கள். சீசன் ஆர்டர் மேலே ஆர்டராக வந்துகொண்டிருக்கிறது. கெமிஸ்ட் என்பது பலகையில் ஒரு பெயர், அவ்வளவுதான். உன் நாவல்களில் வருவது போல் எதுவும் நடந்துவிடாது.

நான் எழுதுவது வேறு விஷயம். இம்மாதம் 16ஆம் தேதி கோயிலில் எங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கிறார்கள். 23இல் இரண்டாவது, 30இல் மூன்றாவது. ஒவ்வொரு ஓலையிலும், தடை சொல்ல யாருக்காவது நியாயம் இருந்தால் எழுந்து சொல்லலாம் என்று குருவானவர் கேட்பார். நீ வந்து எழுந்து நிற்கமாட்டாய் என்று நம்புகிறேன். நீ வாக்குக் கொடுத்தவள். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்று, நீ வாக்கு மாறமாட்டாய்.

பெண் வீட்டார் தாய்மாமன் விருந்தை எதிர்பார்க்கிறார்கள். ஓலை நடக்கும்போதே மாமன் வீட்டில் கைநனைக்காமல் கல்யாணம் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு இருப்பது ஒரே மாமா. நமக்கு நிச்சயமானது அவர்களுக்குத் தெரியாது, விருந்து இல்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள். மாமா பெரிய மனசு உள்ளவர். 23ஆம் தேதி மத்தியானம் நாங்கள் வருகிறோம். பிரியாணி போதும். செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

கிறிஸ்துராஜ்


விருதுநகர்
12 ஜூன் 1963

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

அப்பா சம்மதித்துவிட்டார். "அக்கா மகன். சோறு போடமாட்டேன்னு சொன்னா அக்கா கல்லறையில திரும்பிப் படுத்துக்குவா" என்றார். செலவைப் பற்றி நீங்கள் எழுதியதை அவரிடம் வாசிக்கவில்லை.

நேற்று ஏசுவடியான் ஐயாவும் பாக்கியவதியும் முறைப்படி வந்து அழைத்தார்கள். நல்ல பெண். கடைக்குள் வந்ததும் சேலையைத் தூக்கிப் பிடிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நீங்கள் அமெரிக்காவில் பெரிய ஓட்டல்களில் சாப்பிட்ட ஹாம்பர்கரைப் பற்றி அவளிடம் நிறையச் சொல்லியிருக்கிறீர்கள் போல. மிளகாயைத் தோல் உரிப்பது வரை சொன்னாள். "இங்கன அதச் செய்ய முடியுமாக்கா?" என்று என்னைத்தான் கேட்டாள். முயற்சி செய்கிறோம் என்றேன்.

கோயிலில் எழுந்து நிற்கமாட்டேன். நிம்மதியாக இருங்கள்.

ஞானஜோதி


சிவகாசி
17 ஜூன் 1963

ஜோதி,

முதல் ஓலை நல்லபடியாக முடிந்தது. நன்றி.

அந்த ஹாம்பர்கர் வேண்டாம். பெத்தணனுக்கு வராது, மாமாவுக்குத்தான் அவமானம். பிரியாணியும் பொரித்த பரோட்டாவும் போடு, அதற்கே விருதுநகருக்குப் பெயர். பாக்கியவதியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

கிறிஸ்துராஜ்


விருதுநகர்
19 ஜூன் 1963

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

பெண் வீட்டார் வாய்விட்டுக் கேட்டதை மாமன் வீட்டில் மறுக்கும் வழக்கமில்லை. பிரியாணியும் உண்டு, பரோட்டாவும் உண்டு, அதுவும் உண்டு.

ஞானஜோதி


மதுரை
5 ஜூலை 1963

ஜோதி,

இரண்டு நாளாக இந்த லாட்ஜில் இதை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

பன் புதிதாக இருந்தது. தொட்டவுடனே தெரிந்தது, அடுப்பிலிருந்து வந்து ஒருமணி நேரம்கூட ஆகாத பன். முந்தின நாள் பன் வேண்டும் என்று உனக்குத் தெரியும். நான்தானே எழுதினேன். கறியை அந்தப் பெத்தணன் பரோட்டா மாவைப் போல அடித்து அடித்துப் பிசைந்தான். ஒரு வட்டிலாவது குழி இல்லை. எல்லாம் பந்துபந்தாக உப்பி, வெடித்து, எண்ணெயில் சிதறின. நீ கல்லாப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

பாக்கியவதி ஒரு வாய் வைத்துவிட்டுச் சிரித்தாள். "இதுக்கா அம்புட்டுப் பெரும அடிச்சீக?" என்றாள். அவள் அத்தைகள் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பெத்தணன் வேறு, "மாப்பிள்ளைக்குத் திங்கத்தான் தெரியும், சொல்லத் தெரியல" என்றான். எனக்குத் தாங்கவில்லை. கரண்டியை வாங்கினேன்.

ஒன்றே ஒன்று செய்து காட்டிவிட்டு நிறுத்திவிடலாம் என்றுதான் வாங்கினேன். சத்தியமாக. ஓரமாகப் பழைய பன் ஒரு தட்டு துணி போட்டு மூடி வைத்திருந்தது. அது ஏன் அங்கே இருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. இரண்டு வரிசை போட்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு கையால் முட்டை உடைத்தேன் என்று பிறகு சொன்னார்கள். தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தால் கல்லைத் துடைத்தேனாம். எல்லாருக்கும் போட்டுவிட்டேன். கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டி 'சாலே' என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி தன் தட்டில் இருந்ததை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார்.

தின்று முடித்து, கை கழுவி, என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லா இருக்கு மாப்ளே. எம்புட்டு வருசம் நின்னீக?" என்றார். எதில் என்று கேட்டேன். "கல்லுல" என்றார். நான் ஏதோ சொன்னேன், விடுமுறையில் சும்மா கற்றுக்கொண்டது என்று. அவர் என் கையைப் பிடித்து மணிக்கட்டில் இருந்த தழும்புகளைத் திருப்பிப் பார்த்தார். "நான் தீப்பெட்டி ஆபீசுல சட்டத்துல குச்சி அடுக்கிப் பெரியவனானவன். வாய் என்ன வேணாலும் சொல்லும், கை சொல்லாது. நாளைக்குக் காலையில எங்கூட மருந்தறைக்கு வாங்க. ஒரே ஒரு கலவ, எம் முன்னால நிறுத்துக் காட்டுங்க. போதும்" என்றார்.

வாசற்படியில் போய் நின்றேன், ஜோதி. உள்ளே மூன்று பெண்கள் இருந்தார்கள். காலைத் தூக்க முடியவில்லை.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. எல்லாரும் அதற்காகவே கோயிலுக்கு வந்திருந்தார்களாம்.

ஒரு வார்த்தை பேசாமல் என்னைக் கொன்றுவிட்டாய். இதற்கு நீ எழுந்து நின்று கத்தியிருக்கலாம்.

கிறிஸ்துராஜ்


விருதுநகர்
14 ஜூலை 1963

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை. எல்லாம் நீங்கள் நினைக்கிறபடிதான்.

புதுப் பன்னை நான்தான் வாங்கி வரச் சொன்னேன். நீங்கள் எழுதியிருந்த ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பெத்தணன் அண்ணனிடம் சொன்னேன். நன்றாகப் பிசையுங்கள் என்றேன், குழி வேண்டாம் என்றேன். அவருக்குக் காரணம் தெரியாது. மூடி வைத்த பழைய பன்னை முந்தின நாள் சாயங்காலம் நானே போய் வாங்கினேன். மூடியிருந்தாலும் உங்கள் கண்ணில் படும் இடத்தில் வைத்தேன்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்பதுதான் என் வாக்கு. சொல்லவில்லை. உங்களுக்குக் கரண்டி கொடுக்கமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்ததில்லை.

உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். கேட்டால் ஆயிரம் பதில் சொல்வீர்கள். ஆனால் மோசமாகச் செய்ததைப் பார்த்துக்கொண்டு உங்களால் சும்மா இருக்க முடியாது என்பதும் தெரியும். சிறு வயதில் என் கோலத்தில் ஒரு புள்ளி தப்பினாலும் உட்கார்ந்து அழித்துவிட்டுப் போடுவீர்கள். பொய்யைவிட அது உங்களுக்குள் பழையது. அதன் மீதுதான் பந்தயம் வைத்தேன்.

செல்லத்தாய் போன்றவர்களைக் காப்பாற்றச் செய்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் ஒருவேளை அப்படித்தான் சொல்வேன். அவள் இன்று முழுக் கைகளோடு வந்து பிள்ளைக்கு மார்க்கு கேட்டுவிட்டுப் போனாள், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உங்களிடம் பொய் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. அப்பா பின்வாசல் வழியாக நுழைந்தாரே, அதற்காகச் செய்தேன். 'நீ படித்தவள், புரிந்துகொள்வாய்' என்று எழுதினீர்களே, அதற்காகச் செய்தேன். நான் ஒருமுறை கேட்டேன், நீங்கள் பொறாமை என்றீர்கள். பொறாமைதான். அதில் என்ன குறை? அன்று இரவு நிறையச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். பழிவாங்கியவர்கள் பிறகு வெறுமையை உணர்வதாகப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. காத்துக்கொண்டிருக்கிறேன், வரவில்லை.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் கல்லில் நின்றபோது எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா உங்கள் கையைப் பார்த்தார். அவர்கள் எல்லாம் கிளம்பிப் போனபிறகு பெத்தணன் அண்ணனிடம், "பாத்தியாலே? எங்கக்கா மகன் கைய பாத்தியா? யாருலே கத்துக்குடுத்திருப்பா?" என்று கேட்டார். அந்தக் குரலில் பெருமை இருந்தது. இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். இதுவும் வலிக்கட்டும்.

போன ஞாயிறு அப்பா முன்வாசல் வழியாகக் கோயிலுக்குள் போனார்.

ஞானஜோதி


மல்லாங்கிணறு
3 பிப்ரவரி 1964

ஜோதிக்கு,

சித்தப்பா வீட்டில் இருக்கிறேன். மானாவாரிக் காடு, இந்த வருடம் மழை இல்லை. அவர்களுக்கே போதாது. சிவகாசியில் எந்தக் கம்பெனியிலும், எந்த அச்சாபீசிலும் என் பெயரைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "கெமிஸ்டா, சமையலா?" என்று கேட்கிறார்கள்.

காரியாபட்டிச் சந்தையில் பெத்தணனைப் பார்த்தேன். அந்த ரொட்டியைக் கடையில் கேட்டு ஆட்கள் வருகிறார்களாம். தனக்கு வரவே மாட்டேன் என்கிறது என்று என்னிடமே வித்தை கேட்டார். சொன்னேன். சொல்லிப் புரிகிற விஷயம் இல்லை அது.

மாமாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் கேட்கவும் உரிமையில்லை. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

கிறிஸ்துராஜ்


விருதுநகர்
10 பிப்ரவரி 1964

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

அப்பாவிடம் நானே கேட்டேன். "வரச் சொல்லு" என்றார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்குத்தான் விஷயம். ஆகவே சிலவற்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

கல்லை வாசலுக்கு நகர்த்தியிருக்கிறோம், ஸ்டேஷன் ரோட்டைப் பார்த்தபடி. ரயில் இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் கல்லில் நிற்பவரைத் தாண்டித்தான் போகவேண்டும். சிவகாசிக்காரர்களும்தான். உங்களுக்குப் பெத்தணன் அண்ணன் வாங்குகிற அதே சம்பளம். வயதில் மூத்தவர் என்பதால் அவர் சொல்வதைத்தான் கேட்கவேண்டும். அவர் உங்களை மாப்பிள்ளை என்று கேலி செய்வதை என்னால் நிறுத்த முடியாது, நிறுத்தவும் மாட்டேன்.

ஏசுவடியான் ஐயா மதுரைக்குப் போகும்போதெல்லாம் இங்கே காரை நிறுத்துகிறார். பாக்கியவதிக்கு அந்த ரொட்டி பிடித்துவிட்டது. பெத்தணன் அண்ணன் செய்வதைக் குறை சொல்லிக்கொண்டே தின்கிறாள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை திருநெல்வேலியில் டாக்டர். அவர்கள் இருவரும் வந்தாலும் தட்டை நீங்கள்தான் போட வேண்டும். கல்லில் நிற்பவர் சாப்பிட வருகிறவர் முகத்தைப் பார்க்கவேண்டும், குனிந்து நிற்கக்கூடாது என்பது இந்தக் கடையில் அப்பா வைத்திருக்கும் ஒரே விதி.

நான் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுக் கல்லாவில் உட்காருகிறேன். என்னிடம் பேசவேண்டிய அவசியம் வராது. நான் உங்களை மன்னிக்கவில்லை. மன்னித்தால்தான் வேலை தரவேண்டும் என்று எங்கும் இல்லை.

நீங்கள் அமெரிக்காவில் என்னவாக இருந்தீர்கள் என்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இனி சொல்லத் தேவையும் இருக்காது. வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

விருப்பமிருந்தால் திங்கட்கிழமை வாருங்கள்.

ஞானஜோதி


மல்லாங்கிணறு
13 பிப்ரவரி 1964

ஜோதிக்கு,

திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையே பன் வாங்கி வைக்கச் சொல்.

கிறிஸ்துராஜ்